துருவுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள்

பழைய காரைப் பிரித்து உதிரிபாகம் எடுப்பது பாவம் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. "அந்தக் காலத்து வண்டி சார், அப்படியே விட்டுடணும். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக்கூடாது" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியே விட்ட வண்டி அப்படியே இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நான் தென்காசிக்காரன். எங்கள் ஊரில் ஆனி பிறந்தால் சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையாளத்து ஈரக்காற்று அள்ளிக்கொண்டு வரும். வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்கு வந்து அதை அனுபவித்துவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதே ஈரத்தில் வருஷம் பூரா நிற்கிற இரும்பின் கதையை அவர்கள் பார்ப்பதில்லை. தென்மேற்குப் பருவம் முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மாமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடிய காருக்கு இந்த ஊரில் அதிகபட்சம் பத்து வருஷம்தான் ஆயுள். தார்ப்பாய் காப்பாற்றும் என்று நினைப்பார்கள். தார்ப்பாய்தான் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் காரை வேகவைக்கிறது. மேலே விழுந்த இலை மக்கி, தண்ணீர் வடிகிற துளையை அடைக்கிறது. தண்ணீர் கதவுக்குள் தங்குகிறது. தரைத்தகடு போகிறது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்துகிறது. இதற்குப் பெயர் 'பாதுகாத்தல்' என்றால், பட்டினி போட்டுக் கொல்வதற்கு என்ன பெயர் வைப்பது?

பொதுவாகப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். நம்ம சென்னைக் கார். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை. ஒரு காலத்தில் இந்தியாவில் கார் வாங்க வேண்டுமென்றால் மூன்றே மூன்று பெயர்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், மதராஸில் செய்த ஸ்டாண்டர்ட். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் கம்பெனியின் தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. 1961-இல் ஹெரால்ட் வந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்ட்தான் மூலம். வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். இஞ்சின் 948 சி.சி. இங்கிலாந்தில் பெரிய இஞ்சினுக்கு மாறிய பிறகும் நம்ம ஊர் ஹெரால்டுக்குக் கடைசிவரை அதே 948தான். 1972-இல் அதையே கொஞ்சம் மாற்றி 'கெஸல்' என்று விட்டார்கள். 1985-இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற பெரிய காரை இறக்கிப் பார்த்தார்கள், ஓடவில்லை. 1988-இல் கார் உற்பத்தியே நின்றுபோனது.

ஹெரால்டில் ஒரு விசேஷம். மற்ற கார்களைப்போல உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்து இருக்காது. அடியில் தனி சேஸிஸ், அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். முன்பக்கம் மட்கார்டு, பானெட் எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு இஞ்சின் வேலை பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், பிரிப்பதற்கென்றே செய்த கார் இது. இதைப் பிரிப்பது பாவம் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை இதன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

அடுத்தது முக்கியம். 1968 வாக்கில் வந்த மார்க் 3 ஹெரால்டுக்கு நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்ட் உலகத்திலேயே நம்ம நாட்டில் மட்டும்தான் செய்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்ட் சலூனுக்கு இரண்டே கதவு. அங்கே இன்றைக்கும் டிரையம்ஃப் உதிரிபாகம் விற்கும் கடைகள் உண்டு. கேஸ்கெட், கிளச் பிளேட், சஸ்பென்ஷன் சாமான் எல்லாம் பணம் அனுப்பினால் பார்சலில் வந்துவிடும். ஆனால் பின்கதவு? பின்கதவின் கண்ணாடி? கண்ணாடி ஏற்றி இறக்குகிற அந்தக் கைப்பிடி இயந்திரம்? சுற்றி ஓடும் பீடிங்? அது லண்டனிலும் கிடைக்காது, நியூயார்க்கிலும் கிடைக்காது. வண்டலூரில் செய்தது, வண்டலூர் மூடிவிட்டது. இனி அது இருக்கிற ஒரே இடம், செத்துப்போன இன்னொரு நான்கு கதவு ஹெரால்ட். அது எங்கோ ஒரு வீட்டுப் பின்கட்டில், தார்ப்பாய்க்கு அடியில், துருவுக்குச் சாப்பாடாகிக்கொண்டிருக்கிறது.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், 1969 ஹெரால்ட் வைத்திருக்கிறார். ஆறு வருஷமாக அதைச் சரிபண்ணுகிறார். எனக்கு இரும்பு வேலை தெரியாது. பேங்க் வேலையில் இருந்தவன். கடிதம் எழுதுவது, விலை பேசுவது, ஆர்.டி.ஓ. காகிதம் பார்ப்பது என் பங்கு. பட்டறைக்கார அண்ணாச்சிக்கு வயது அறுபத்தெட்டு. இந்தக் காரில் கை வைக்கத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான். இதையும் மனசில் வையுங்கள். கார் மட்டும் துருப்பிடிக்கவில்லை, கைவேலையும் போய்க்கொண்டிருக்கிறது.

எங்களுக்கு இடது பின்கதவுக் கண்ணாடியும் அதன் ரெகுலேட்டரும் கிடைக்கவில்லை. குற்றாலம் பக்கம் ஒரு பங்களாவில் ஒரு மார்க் 3 நின்றது. பெரியவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் ஐந்து பேர், ஐந்து ஊர். மூன்று வருஷம் ஒவ்வொருவரையும் கேட்டோம். "அது எங்க அப்பா வண்டி சார். அதுல கை வைக்க விடமாட்டோம். நாங்களே ஒருநாள் ரெடி பண்ணுவோம்" என்றார்கள். நியாயம்தான் என்று திரும்பி வந்தோம். ஒருவரும் ஒருநாளும் வரவில்லை. பிறகு வீட்டை விற்றார்கள். வாங்கியவர் லாட்ஜ் கட்ட ஜே.சி.பி. கொண்டுவந்தார். கார் காயலான் கடைக்கு எடைக்குப் போனது. எங்களுக்குச் செய்தி வந்து நாங்கள் போய் நின்றபோது கேஸ் கட்டரில் நாலாக அறுத்துக் குவித்திருந்தார்கள். பின்கதவுக் கண்ணாடி தரையில் சர்க்கரை மாதிரி கிடந்தது.

அப்பாவின் நினைவு என்று எதைக் காப்பாற்றினார்கள்? முக்கால் டன் பழைய இரும்பு. அந்தக் காலத்தில் பழைய இரும்புக்காவது பேரீச்சம்பழம் கொடுப்பான்!

வைக்கப்படப்பில் படுத்த நாய் கதை நமக்கெல்லாம் தெரியும். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் அப்பாவை நேசித்தவர்கள்தான். என் சண்டை அந்த நினைப்போடு. தொடாமல் இருப்பதே மரியாதை என்ற நினைப்பு. அப்பா அந்தக் காரை வாராவாரம் துடைத்தார், எண்ணெய் பார்த்தார், காற்றுப் பிடித்தார். அதுவல்லவா மரியாதை? சும்மா விடுவது மரியாதை என்றால், ஊரில் விளக்கேற்றாத கோவில்கள்தான் மிகுந்த மரியாதையோடு இருக்கின்றன என்று சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். இலஞ்சியில் ஒரு ஆச்சி. எண்பது தாண்டியவர். அவர் வீட்டுத் தொழுவத்தில் ஒரு ஹெரால்ட், 1989-இலிருந்து அசையாமல் நிற்கிறது. அடிச்சட்டம் விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இது எந்திரிக்காது ஆச்சி" என்று சொல்லிவிட்டார். ஆச்சி ரொம்ப நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எடுத்துட்டுப் போனா அந்த வண்டி ஓடுமா தம்பி?"

"ஓடும் ஆச்சி."

"அப்ப எடுத்துக்கிடுங்க. ஆனா ஓடும்போது ஒரு நாள் இங்க கொண்டாரணும். நான் ஏறிப் பாக்கணும்."

அவர் மகனிடம் ஃபோனில் பேசி, கையெழுத்துக் கடிதம் வாங்கி, விலை பேசிக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டோம். பின்கதவுக் கண்ணாடி இரண்டு, ரெகுலேட்டர் இரண்டு, பீடிங், டெயில் லைட் மூடி, ஸ்பீடோமீட்டர், டிக்கி கீல், பானெட் கொக்கி, டிஃபரன்ஷியல். முப்பது வருஷத்துக்கு மேல் பயனில்லாமல் நின்ற சாமான்கள். நண்பரின் வண்டியில் இன்றைக்கு வேலை செய்கின்றன. ஆச்சி இப்போது ஏறிப் பார்த்தாகிவிட்டது. யார் மரியாதை செய்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

2008-இல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்துக்கென்று அரசுத் திட்டம் வந்தபோதும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள். உடம்பை முழுசாக அனுப்ப வேண்டாமா என்றார்கள். இன்றைக்கு அதைப் பெருமையாகப் பேசுகிறோம். மனுஷ உடம்பையும் தகரத்தையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் நியாயம் ஒன்றுதான். எழுந்திருக்க முடியாதது, எழுந்திருக்கக் கூடியதற்குக் கொடுக்கட்டும்.

இதைச் சொன்னவுடன் ஒரு கூட்டம் சந்தோஷப்படும். "சரியாச் சொன்னீங்க சார், கேட்பாரற்று நிக்கிற வண்டியில எடுத்தா என்ன தப்பு" என்று. அவர்களுக்கும் சொல்கிறேன்: அது திருட்டு. கேட்பாரற்ற வண்டி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அவர் இறந்திருந்தால் வாரிசு இருக்கிறார். ராத்திரி மதில் ஏறி டெயில் லைட் கழற்றுகிறவன் பழைய கார் ஆர்வலன் அல்ல, டெயில் லைட் திருடன். உத்தரப் பிரதேசத்து மீரட்டில் சோத்திகஞ்ச் என்று ஒரு பெரிய உதிரிபாகச் சந்தை இருந்தது. திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்கிற இடம் என்று பெயர் கெட்டு, 2021-இல் போலீஸ் நடவடிக்கையில் அடங்கிப்போனது. கணக்கில்லாத வியாபாரம் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். சென்னைப் புதுப்பேட்டையில் அன்றாடம் நேர்மையாகப் பிழைக்கிற எத்தனையோ கடைக்காரர்களுக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பது இந்தத் திருடர்கள்தான்.

சட்டம் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55 என்ன சொல்கிறது? வண்டி அழிந்துபோனாலோ நிரந்தரமாக உபயோகிக்க முடியாமல் போனாலோ, உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். பதிவை ரத்து செய்வார்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 இருக்கிறது. எத்தனை வீடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள்? தார்ப்பாய் போட்டதோடு கடமை முடிந்தது. அதனால்தான் இருபது வருஷம் கழித்து நல்ல மனசோடு கொடுக்க நினைக்கிறவர்களாலும் கொடுக்க முடியவில்லை. காகிதமும் கரையான் தின்றிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும்; நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்; பத்து வருஷத்துக்குச் செல்லும். சேஸிஸ், உடம்பு, இஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் இந்த விதி மறைமுகமாக என்ன கேட்கிறது? வண்டி அசலாக இருக்க வேண்டும் என்கிறது. மாருதி கண்ணாடியை அறுத்து ஒட்டினால் அசல் போய்விடும். அதே காலத்து, அதே மாடல் வண்டியின் கண்ணாடியைப் பொருத்தினால்தான் அசல் நிற்கும். ஆக, ஒரு ஹெரால்ட் அசலாக இருக்க இன்னொரு ஹெரால்ட் பிரிபட்டாக வேண்டும். 'தொடக்கூடாது' கட்சிக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று ஆக்கினார்கள். அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்குத்தான் போக வேண்டும். புகை கக்குகிற பழைய வண்டி ரோட்டைவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் 2029-க்குள் அரசின் கையில் இருக்கிற கடைசி அம்பாசிடரும் நசுக்கும் இயந்திரத்துக்குப் போய்ச் சேரும். சிவப்பு விளக்கும் கொடிக்கம்பியும் வைத்து நாட்டை ஆண்ட கார். அதை நசுக்குவதற்கு முன்னால் கண்ணாடி, மீட்டர், விளக்கு வளையம், கியர்பாக்ஸ், கதவு இவற்றைக் கழற்றி, செல்லுபடியாகும் ஆர்.சி. வைத்திருப்பவர்களுக்கு ரசீதோடு விற்றால் என்ன குறைந்துவிடும்? இரும்பு விலையைவிட நாலு மடங்கு வரும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது தெரிந்த நாம், யானையைக் கிலோ கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் எம்.ஜி.பி. காருக்கு 1988-இல் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்துப் புது உடம்பே அடித்து விற்கத் தொடங்கினார்கள். பக்கத்து இலங்கையில் 1990களில் மோரிஸ் மைனருக்கு உதிரிபாகங்கள் செய்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தார்கள். பழைய காரைப் பிரித்து, அளவெடுத்து, அதைப் பார்த்துப் புதிது செய்தார்கள். நம்மிடம் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? மாதிரிக்கு ஒரு நல்ல பாகம் கையில் இருந்தால் பீடிங்கும் புஷ்ஷும் செய்து தர ஆள் இருக்கிறது. மாதிரியே துருவாகிப்போனால் எதைப் பார்த்துச் செய்வது?

பிரிப்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. அண்ணாச்சியிடம் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காகிதம், பிறகு ஸ்பானர். உரிமையாளர் கையெழுத்தில், என்னென்ன பாகம், என்ன விலை என்று எழுதி வாங்குங்கள்.

எழுந்திருக்கக் கூடிய வண்டியைப் பிரிக்காதீர்கள். சேஸிஸ் நன்றாக இருந்தால் முழுசாக வாங்கப் பாருங்கள், அல்லது வாங்குகிறவரைத் தேடிக் கொடுங்கள். நாலு கதவுக்காக ஒரு உயிரை எடுப்பது கசாப்பு.

சேஸிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் பொறித்த இடத்தில் கை வைக்காதீர்கள். அதை மாற்றி ஒட்டுவது குற்றம். அது வண்டியின் உயிர்க்கதையையே பொய்யாக்குவது.

பிரேக் ரப்பர், பிரேக் ஹோஸ், டயர் இவற்றைச் செத்த வண்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்குகிற டிரன்னியன் என்ற பித்தளை முட்டும் அப்படியே. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில் விட வேண்டும். எண்ணெய் காணாமல் ஓடிய வண்டியில் அதில் முறுகி நிற்கிற தண்டு உள்ளுக்குள் அரித்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரத்தோடு கழன்று விழும். ஆசைக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

போல்ட் இறுகியிருந்தால் சம்மட்டியை எடுக்காதீர்கள். எண்ணெய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாள் வாருங்கள். மறுபடி எண்ணெய். முப்பது வருஷம் பொறுத்த போல்ட்டுக்கு மூன்று நாள் கொடுத்தால் என்ன?

கழற்றியதை எல்லாம் போட்டோ எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, பெயர் எழுதுங்கள். உங்களுக்கு வேண்டாதது இன்னொருவருக்கு வேண்டியிருக்கும். அதைப் பதுக்கி வைத்துப் பத்து மடங்கு விலை சொல்வதும் ஒருவகைத் தார்ப்பாய்தான்.

கடைசியாக, வீட்டுப் பின்கட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களே, உங்களுக்குத்தான். நீங்கள் அதைச் சரிபண்ணப் போகிறீர்கள் என்றால், அடுத்த சாரலுக்குள் ஆரம்பியுங்கள். நானே வந்து அண்ணாச்சியைக் கூட்டிவருகிறேன். முடியாது என்றால் முடிகிறவருக்குக் கொடுங்கள். முழுசாகவோ, துண்டாகவோ. விற்கிறீர்களோ, சும்மா கொடுக்கிறீர்களோ, அது உங்கள் விருப்பம். ஆனால் தார்ப்பாயைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். ஆனி மாசத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.